டிசம்பர் 5 கூட்டத்தில் ஜெயலலிதாவைப் பற்றி என்ன பேசுவது? தருமபுரியிலிருந்து ஒரு கேள்வி

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இந்த மாதக் கூட்டம் டிசம்பர் 5 அன்று அமைந்துவிட்டது. "அம்மா நினைவு நாளாச்சே, அவங்களைப் பத்தியே பேசிடுங்க சார்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கு இருபது நிமிடம்.

யார் யார் வருவார்கள் என்பது தெரியும். சட்டைப் பையில் இன்னும் அந்த அம்மா படத்தை வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் 2003-ல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசு ஊழியர்களின் தலைமுறை இருக்கும். 1992-ல் அதிகாரிகள் புகுந்து சூறையாடிய வாச்சாத்தி கிராமம் எங்கள் மாவட்டம். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்த இலக்கியம்பட்டியும் எங்கள் மாவட்டம். தொட்டில் குழந்தைத் திட்டத்தால் பிழைத்த பெண் பிள்ளைகளும் இதே மாவட்டத்தில்தான் வளர்ந்து ஆளானார்கள்.

செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எழவு வீட்டில் அது சரிதான். 2016 டிசம்பர் 6 அன்று ராஜாஜி ஹாலில் அழுதுகொண்டு நின்றவரிடம் போய்ச் சொத்துக் குவிப்பு வழக்கைப் பேசியிருந்தால் அது மனிதத்தன்மையே இல்லை. ஆனால் அதன் பிறகு மெரினாவில் நினைவிடம் எழுந்தது, சட்டமன்றத்தில் படம் திறந்தார்கள். பொதுப் பணத்தில், பொது இடத்தில் ஒருவரை நிறுத்தி வைத்தால், அவரைப் பற்றிப் பொதுவில் பேசவும் இடம் வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? ஒரு பக்கம் தெய்வம் என்கிறார்கள். இன்னொரு பக்கம் வாட்ஸாப்பில் கண்றாவியான மீம். நேர்மையாகப் பேச விரும்புகிறவன் எங்கே நிற்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

தேனி மீனாட்சி

தம்பி, நான் அம்மா கட்சிக்காரி. மறைக்க ஒன்றுமில்லை. உறுப்பினர் அட்டை இன்னும் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் கள்ளிப்பால் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டி பற்றி 80-களிலேயே பத்திரிகையில் வந்தது. படித்துவிட்டு எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், அவ்வளவுதான். 1992-ல் சேலத்தில் தொட்டிலை வைத்து, "வேண்டாம் என்றால் கொல்லாதே, என்னிடம் கொடு" என்கிற மாதிரி ஒரு அரசாங்கம் பேசியது அப்போதுதான். பிறகு 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் வந்தது. அதே 1992-ல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். புருஷன் அடித்தான் என்று சொல்லப் போனால் எதிரில் இன்னொரு ஆம்பளை உட்கார்ந்து சிரிக்கிற நிலைமை அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று வீட்டில் இருக்கிற பெரிய மனுஷிகளைக் கேளுங்கள்.

உயிரோடு இருந்தவரை அந்த அம்மா வாங்காத ஏச்சில்லை. எம்.ஜி.ஆர் உடலை ஏற்றின பீரங்கி வண்டியிலிருந்து தள்ளிவிட்டதை ஊரே பார்த்தது. செத்த பிறகாவது நிம்மதியாக இருக்கட்டுமே. நல்லதை மட்டும் பேசிவிட்டு வாருங்கள். ஒரு நாள்தானே?

---

நிலவன்99

அக்கா, நான் +2 படிக்கும்போது விலையில்லா லேப்டாப் வாங்கினவன். வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில்தான் தட்டச்சு பழகினேன், அதை வைத்துதான் இன்றைக்கு வேலை. அதனால் நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனா அந்தப் பையிலும் அவங்க படம், திரையைத் திறந்தா அங்கேயும் அவங்க படம். நம்ம வரிப்பணத்தில் வந்த பொருளுக்கு நாம ஏன் ஒருத்தருக்குக் கடமைப்பட்டவங்க மாதிரி ஆகணும்?

ஐயா, என் யோசனை சிம்பிள். சொத்துக் குவிப்பு வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நாலு பக்கம் வாசிங்க. போதும்.

---

வழக்கறிஞர் சேது

நிலவன், தீர்ப்பை வாசிக்கலாம். ஆனால் அதில் எந்த இடம் உறுதி, எந்த இடம் சிக்கல் என்று தெரிந்து வாசிக்க வேண்டும். நண்பர் மேடையில் தடுமாறக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குற்றச்சாட்டு 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக்காலத்தைப் பற்றியது. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்று அறிவித்த காலம். வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 66.65 கோடி ரூபாய் என்றது அரசுத் தரப்பு. 2001-ல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்ததும் 76 சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். இங்கே நியாயமான விசாரணை நடக்காது என்ற அச்சத்தில்தான் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. சாட்சிகள் திரும்பிய இந்தக் கதையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொத்தின் அளவைவிட எனக்கு இதுதான் கனமான விஷயமாகப் படுகிறது.

2014 செப்டம்பர் 27: பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம் விதித்தார். 2015 மே 11: கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி குமாரசாமி விடுதலை செய்தார். அந்தத் தீர்ப்பில் கடன்களைக் கூட்டியதில் பிழை. 10.67 கோடி என்று வரவேண்டியது 24.17 கோடி என்று வந்திருந்தது.

மேல்முறையீட்டில் வாதங்கள் முடிந்து, 2016 ஜூன் 7 அன்று தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவா ராய் அமர்வு டி'குன்ஹா தீர்ப்பையே மீட்டெடுத்தது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறை சென்றார்கள். வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது.

ஆக, சட்டத்தின் கணக்கில் அவர் மீது இறுதித் தண்டனை இல்லை. நினைவிடத்துக்கு எதிரான ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றதும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மற்ற மூவரைத் தண்டிப்பதற்காக, போயஸ் தோட்டத்து வீட்டில் நடந்ததை முழுக்க ஆராய்கிறது. மனிதாபிமானத்தால் அந்த மூவரை அங்கே தங்க வைக்கவில்லை, கூட்டுச் சதிக்காகத்தான் என்கிற முடிவுக்கு வருகிறது. அவருடைய பங்கை ஒதுக்கிவிட்டு அந்தத் தீர்ப்பே நிற்காது.

மேடையில் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது பாதி உண்மை.

---

இரண்டாம் தலைமுறை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர் என் அப்பா. அவருக்கு அடுத்து நான். அதனால் 69 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றி யாரும் பேசாமல் போனால் எனக்கு வலிக்கும்.

1992-ல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 சதவீத உச்சவரம்பு என்றதும் தமிழ்நாட்டின் 69 ஆட்டம் கண்டது. 1993-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 1994-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, 76-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தது அவர் அரசு. சட்ட வழியைக் காட்டியதில் திராவிடர் கழகத் தலைவர் ஆசிரியர் வீரமணிக்குப் பங்கு உண்டு. எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. இருந்தாலும் நரசிம்ம ராவ் அரசிடம் விடாப்பிடியாக நின்று வாங்கியவர் அவர். பெரியார் இயக்கத்தின் தலைவர் ஒரு பிராமணப் பெண்ணுக்கு "சமூகநீதி காத்த வீராங்கனை" என்று பட்டம் கொடுத்தார் என்றால் சும்மாவா?

---

தோழர் மாணிக்கம்

எல்லாம் சரி. தருமபுரியில் நின்றுகொண்டு பேசப்போகிறீர்கள். அப்படியானால் முதலில் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நூற்றுக்கணக்கில் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் ஆக்கினார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறையில் குழந்தைகள், தோழர்களே.

அன்றைய அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சாதித்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. தோழர் நல்லசிவன் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார், பிறகு நீதிமன்றம் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அப்புறமும் சிபிஐ விசாரணைக்கு 1995-ல் உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேர், ஒருவர் விடாமல் குற்றவாளிகள். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற, அன்றைய அரசின் துணையோடு அதிகாரிகள் நடத்திய நாடகம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

தேனி அக்காவிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்த அதே ஆண்டில்தானே இதுவும் நடந்தது? அந்த 18 பெண்கள் எந்தக் காவல் நிலையத்துக்குப் போயிருக்க முடியும்?

---

தேனி மீனாட்சி

தோழர், வாச்சாத்தியைப் படித்துத் தூங்க முடியாமல் கிடந்தவள்தான் நானும். அதில் ஈடுபட்டவன் எவனாக இருந்தாலும் மண்ணோடு மண்ணாகப் போகட்டும். ஆனால் அம்மாவா போகச் சொன்னார்கள்? கீழே இருக்கிற அதிகாரிகள் செய்ததையெல்லாம் மேலே இருப்பவர் தலையில் கட்டினால் எந்த முதலமைச்சர்தான் மிஞ்சுவார்? தருமபுரி பஸ்ஸும் அப்படித்தான். கட்சிக்காரன் என்று சொல்லிக்கொண்ட பாவிகள் செய்தது. அம்மா கொளுத்தச் சொன்னார்களா?

---

மலையடிவாரம்

அக்கா கேட்டது நல்ல கேள்வி. நேற்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தானே செய்தது, அவர் ஆட்சியில் நடந்தது, அவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள் செய்தது, இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் பேச்சு எப்போதும் சண்டையில் முடிகிறது.

1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் கல்யாணம் அவரே நடத்தியது. நகையில் மூழ்கி அவர் ஊர்வலத்தில் நடந்து வந்த படம் இன்றும் இருக்கிறது. அதில் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களை டிஸ்மிஸ் செய்ததும் அவருடைய முடிவு.

வாச்சாத்தியில் அவர் உத்தரவு போட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் நடந்த பிறகு? காவல்துறை முதலமைச்சரின் கையில் இருந்தது. கடிதம் போயிற்று, ஆணையத்தின் அறிக்கை வந்தது, பெண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். அவர் அரசு அதிகாரிகள் பக்கம் நின்றது. அந்தப் பொறுப்பு கீழே இருப்பவர்களுடையது அல்ல, அக்கா.

பஸ் எரிப்பு மூன்றாவது வகை. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதியை மீறி அனுமதி தந்த வழக்கில் அவருக்குத் தண்டனை என்றதும் கட்சிக்காரர்கள் மறியலில் இறங்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவிகளின் பேருந்து அவர்களிடம் மாட்டியது. அவர் கொளுத்தச் சொல்லவில்லை. ஆனால் தலைவிக்கு ஒன்று என்றால் ஊரை எரிக்கலாம் என்று ஒரு கட்சிக்காரனுக்குத் தோன்றுகிறதே, அந்தப் பக்தி எப்படி வளர்ந்தது? ஹெலிகாப்டர் வானத்தில் போனாலே கீழே நின்று கும்பிட்ட அமைச்சர்களை அவர் ஒரு நாளாவது தடுத்தாரா?

---

வழக்கறிஞர் சேது

ஒரு திருத்தம் போல இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து எரிப்பில் தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்கும் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி விடுதலை செய்தார்கள். அது நடந்தது எடப்பாடி பழனிசாமி ஆட்சியில். ஜெயலலிதா இறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பலர் இதை அவர் கணக்கில் எழுதுகிறார்கள். அது தவறு. விமர்சனத்திலும் நேர்மை வேண்டும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

---

கயல்

நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன்.

நேர்மையான விமர்சனம் என்ற பெயரில் வருவதில் பாதி விமர்சனமே இல்லை. அவர் உடம்பு, அவர் புடவை, கல்யாணம் ஆகாதது, சினிமாவில் ஆடியது, எம்.ஜி.ஆரோடு பேசப்பட்டது. ஒரு ஆண் முதலமைச்சர் செத்த பிறகு அவர் உடல் எடையைப் பற்றி யாராவது மீம் போட்டிருக்கிறார்களா? ஐயா, உங்கள் கூட்டத்தில் எவனாவது அந்தத் திசையில் வாயைத் திறந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படிப் பேச விட்டால் மீனாட்சி அக்கா மாதிரி இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் வாச்சாத்தியைச் சொன்னாலும் அதே ஏச்சின் தொடர்ச்சியாகத்தான் அவர்கள் காதில் விழும். அந்தப் பெண்களுக்கு நாம் செய்கிற இரண்டாவது துரோகம் அது.

அதே நேரம் அவர் பெண் என்பதாலேயே எல்லாம் பெண்களுக்கான ஆட்சி ஆகிவிடாது. டாஸ்மாக் நிறுவனம் எம்.ஜி.ஆர் காலத்தது. ஆனால் சில்லறை விற்பனையை முழுக்க அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது 2003-ல், இவர் ஆட்சியில். ஒரு கையால் தாலிக்குத் தங்கம். இன்னொரு கையால் அந்தத் தாலியை அடகு வைத்துக் குடிக்கிறவனுக்குக் கடை. 2015-ல் மூடு டாஸ்மாக்கை என்று பாடினதற்காக மக்கள் பாடகர் கோவனை நடுராத்திரியில் வீட்டிலிருந்து தூக்கிப் போய்த் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2016 தேர்தலுக்குப் பிறகு 500 கடைகளை மூட முதல் நாளே கையெழுத்திட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பாடினவனைப் பிடித்து உள்ளே வைத்த பிறகு வந்த கையெழுத்து அது.

அவதூறு வழக்குகளையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டில் 200-க்கும் மேல். உச்ச நீதிமன்றமே 2016-ல் கண்டித்தது, பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்ற பொருளில். உயிரோடு இருந்தபோது பேச விடவில்லை. செத்த பிறகு பேசக்கூடாது என்கிறோம். எப்போதுதான் பேசுவது?

---

திருவாரூர் வயல்

காவிரி இறுதித் தீர்ப்பை 2013 பிப்ரவரியில் மத்திய அரசிதழில் வெளியிட வைத்தது அவர்தான். 2007-ல் வந்த தீர்ப்பு ஆறு வருஷம் கிடப்பில் கிடந்தது. டெல்டாக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேற்கே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. இதைச் சொல்ல மறந்துடாதீங்க. வேற எதுவும் சொல்ல வரல.

---

கரிசல்காட்டான்

இதே அளவுகோலைக் கலைஞருக்கும் வைப்பீர்களா? சர்க்காரியா ஊழல் விசாரணை ஆணையம், 2009 ஈழம், குடும்ப அரசியல்? அதையெல்லாம் பேச ஒரு இழை கூட இல்லையே. செத்த பெண்ணை மட்டும் நடுத்தெருவில் நிறுத்துவது சுலபம்.

---

மலையடிவாரம்

கட்டாயம் வைக்க வேண்டும். கலைஞர் நினைவு நாளான ஆகஸ்ட் 7 வரட்டும், இதே நூலகத்தில் பேசுவோம். நீங்கள் சொன்ன மூன்றும் அதில் வரும். நெருக்கடி நிலையை எதிர்த்து ஆட்சியை இழந்ததும் வரும். 2001 ஜூன் 30 நள்ளிரவில் அவரைக் கைது செய்த விதமும் வரும்.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பழக்கத்தில்தான் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் ஜெயலலிதா படம் திறந்தபோது தி.மு.க. வரவில்லை. 2021 ஆகஸ்டில் கலைஞர் படம் திறந்தபோது அ.தி.மு.க. வரவில்லை. 2018 ஆகஸ்ட் 7 இரவை நினைத்துப் பாருங்கள். கலைஞரின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது, அவருக்கு மெரினாவில் இடம் தர முடியாது என்கிறது அரசு. விடிய விடிய நீதிமன்றத்தில் வாதம். ஜெயலலிதா நினைவிடத்துக்கு எதிராக மனுப்போட்டவர்கள் அவசரமாகத் தங்கள் மனுக்களைத் திரும்பப் பெறுகிறார்கள். எந்தச் சட்டக் கேள்வியை எழுப்பி அவர்கள் வந்தார்களோ அது விடை இல்லாமலேயே போனது.

---

கரிசல்காட்டான்

ஆகஸ்டில் வந்து பார்க்கிறேன். இப்போதைக்கு நம்புகிறேன்.

---

நெறியாளர்

தி.மு.க., அ.தி.மு.க. ஒப்பீட்டில் மட்டும் இறங்கிய சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உடலைக் கேலி செய்த பதிவையும்தான். தொடருங்கள்.

---

நிலவன்99

நேர்மை பற்றிப் பேசும்போது அந்த 75 நாளை எப்படி விடுவது? 2016 செப்டம்பர் 22-ல் அப்பல்லோவில் சேர்த்ததிலிருந்து டிசம்பர் 5 வரை ஒரு படம் வெளியே வரல. இட்லி சாப்பிட்டாங்க, பேசினாங்கன்னு சொன்னாங்க. மறுவருஷம் செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே மேடையில், இட்லி சாப்பிட்டார் என்று சொன்னதெல்லாம் பொய், எங்களை மன்னியுங்கள்னு சொன்னார். தங்கள் தெய்வம்னு கும்பிட்டவங்களே ஊருக்குப் பொய் சொன்னாங்க. அழுதுகிட்டு ஆஸ்பத்திரி வாசலில் மண்சோறு சாப்பிட்ட பெண்கள்கிட்ட பொய் சொன்னாங்க.

ஆறுமுகசாமி ஆணையம் அஞ்சு வருஷம் விசாரிச்சு 2022-ல் அறிக்கை கொடுத்தது. எய்ம்ஸ் மருத்துவர் குழு சிகிச்சை சரியாத்தான் நடந்ததுன்னு சொன்னது. ஆணையமோ சசிகலா உட்பட சிலர் மீது விசாரணை வேணும்னுச்சு. அவங்க மறுத்தாங்க. எனக்குக் குழப்பம்தான் மிச்சம்.

---

வழக்கறிஞர் சேது

அந்தக் குழப்பத்தை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. சீனிவாசன் பொய் என்று ஒப்புக்கொண்டது பதிவாகியிருக்கிறது, அதைச் சொல்லலாம். மரணத்தில் மர்மம் என்று இழுத்தால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். அவர் வாழ்ந்து செய்தவற்றைப் பேச ஆள் இருக்காது.

---

மலையடிவாரம்

சேது சார் சொல்வதை ஏற்கிறேன்.

என் மனதில் ஓடுவதைச் சொல்லிவிடுகிறேன். பலரும் தனிமடலில் "நல்லது பாதி, கெட்டது பாதி என்று சமமாகச் சொல்லுங்கள், பிரச்சினை வராது" என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 69 சதவீதத்தை ஒரு தட்டிலும் வாச்சாத்தியை இன்னொரு தட்டிலும் வைக்கும் தராசு யாரிடம் இருக்கிறது? ஏரிக்கரைக்கு இழுத்துப்போகப்பட்டபோது பதின்ம வயதில் இருந்த பெண்ணிடம், "ஆனாலும் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கொடுத்தாரே" என்று எந்த வாயால் சொல்வது?

இட்லியைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. சேலத்தில் அம்மா உணவகத்தில் காலையில் நின்று பார்த்திருக்கிறேன். டோக்கன் வாங்கும் வரிசையில் மூட்டை தூக்குபவர், ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்தவர், டை கட்டிய விற்பனைப் பையன் எல்லோரும் நிற்பார்கள். எவர்சில்வர் தட்டில் இட்லியும் சாம்பாரும். பரிமாறுவது சுயஉதவிக் குழுப் பெண்கள். யாரும் யாரிடமும் கை ஏந்தவில்லை, காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைக் கிண்டல் செய்தவர்கள் பசி தெரியாதவர்கள். 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் பதிக்க வைத்ததும் அப்படித்தான், அந்தப் பிடிவாதம் இல்லாத வேறொருவர் செய்திருக்க மாட்டார்.

அதே பிடிவாதம்தான் 1.7 லட்சம் பேரை ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது. சட்டமன்ற உரிமையைச் சொல்லி 2003 நவம்பரில் இந்து நாளிதழ் ஆசிரியர்களைப் பிடிக்கப் போலீஸ் அனுப்பியது. எனக்குத் தெரிந்தவரை அவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. இரண்டையும் அவரவருக்கு நேர்ந்ததாக, அவரவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் வாச்சாத்தியைக் கடைசியில் "சில குறைகளும் உண்டு" என்று ஒட்ட வைக்க மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் நின்று பேசுவதால் அதில்தான் தொடங்குவேன். பிறகு தொட்டில். 1992 என்ற ஒரே ஆண்டு. பிறகு 69, கல்யாணம், வழக்கு, 2003, உணவகம் என்று ஆண்டு வரிசையில் போவேன்.

---

தோழர் மாணிக்கம்

தொட்டில் திட்டத்தைச் சொல்லும்போது, குழந்தையை விட்டுவிட்டுப் போவதை அது சுலபமாக்கியது, பெண் வேண்டாம் என்ற மனநிலையைத் தொடவில்லை என்று களத்தில் வேலை செய்தவர்கள் சொன்ன விமர்சனத்தையும் சேர்க்கவும். ஆனாலும் உயிர் பிழைத்தது உயிர் பிழைத்ததுதான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

---

தேனி மீனாட்சி

தம்பி, வாச்சாத்தியில் தொடங்கப்போகிறேன் என்றதும் முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. நினைவு நாளில், படத்துக்கு முன்னால் நின்று, முதல் பேச்சே அதுவா என்று.

இப்போதும் எனக்கு அது சம்மதமில்லை. நானாக இருந்தால் தொட்டிலில்தான் தொடங்குவேன். அம்மா படத்துக்குப் பூப்போட வந்தவர்கள் மனசு நோகும், அதுவும் ஒரு மனசுதான். ஆனால் கயல் சொன்னது உள்ளே தைத்தது. அம்மாவை ஏசினவர்களையும் வாச்சாத்திப் பெண்களையும் நானும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர்கள் ஏசவில்லை. நியாயம் கேட்டார்கள். அதற்கு 31 வருஷம் ஆனது.

டிசம்பர் 5 அன்று தங்கச்சி வீட்டுக்குத் தருமபுரி வருகிறேன். கூட்டத்துக்கும் வருவேன். 2003 டிஸ்மிஸ்ஸைச் சொன்னால், 2004 தேர்தலில் தோற்ற பிறகு ஊழியர்கள் மீதான நடவடிக்கை, பத்திரிகைகள் மீதான வழக்கு, மதமாற்றத் தடைச் சட்டம் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றதையும் சொல்லுங்கள். தோற்றதால்தான் செய்தார் என்பீர்கள். சரி, தோற்றும் செய்யாதவர்கள் உண்டு. நீங்கள் விட்டால் நான் எழுந்து சொல்வேன்.

---

மலையடிவாரம்

வாருங்கள் அக்கா. உங்களுக்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிச் செயலாளரிடம் பேசிவிட்டேன். தொட்டிலைப் பற்றி நீங்களே பேசுங்கள், என்னைவிட உங்களுக்குத்தான் அது தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்குவோம்.

மாணிக்கம் தோழர், 2023 தீர்ப்பின் தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். வாசிக்கும்போது ஒரு வரி கூட என் வார்த்தையாக இருக்கக்கூடாது.